நாற்சக்கர டிரெய்லரைப் பின்னோக்கிச் செலுத்தும் முறை

மாட்டு வண்டி ஓட்டிப் பழகிய பெரியவர்களுக்கு ஓர் அனுபவம் மறந்திராது. குறுகிய தெருவில் எதிரே மற்றொரு வண்டி வந்துவிட்டால், இரண்டில் ஒன்று பின்வாங்கியே தீர வேண்டும். முன்னோக்கி இழுக்கப் பழகிய மாடுகள் பின்னோக்கி நடக்க எளிதில் இசைவதில்லை. ஒருவர் நுகத்தடியைப் பிடித்து மாடுகளைப் பின்வாங்கச் செய்ய, மற்றொருவர் சக்கரத்தின் ஆரக்காலைப் பற்றித் தள்ளுவார். அப்போதும் வண்டி சொன்னபடி கேட்டது. காரணம், அதற்கு அச்சு ஒன்றுதான். ஏர்க்காலும் அந்த அச்சும் வண்டியின் உடலோடு அசையாதபடி பிணைந்தவை. ஏர்க்கால் திரும்பினால் வண்டி முழுவதும் திரும்பிவிடும்.

இன்று அந்த வேலையைப் பெரும்பாலும் டிராக்டரும் அதன் பின்னால் பூட்டப்படும் டிரெய்லரும் செய்கின்றன. டிரெய்லர்களில் இரண்டு சக்கரம் உடையவையும் உண்டு. நான்கு சக்கரம் உடையவையும் உண்டு. கரும்பு போன்ற பெரும் பாரங்களை ஏற்றிச் செல்ல நாற்சக்கர வண்டி விரும்பப்படுகிறது. இருசக்கர டிரெய்லரை அலட்சியமாகப் பின்னோக்கி விடும் ஓட்டுநர்கூட, நாற்சக்கர வண்டியைப் பூட்டியதும் திகைப்பதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். வண்டி எதிர்பாராத திசையில் மடங்குகிறது. இரும்புத் தண்டு டிராக்டரின் பெரிய சக்கரத்தில் இடிக்கிறது. சில சமயம் வண்டி வாய்க்காலில் இறங்கிவிடுகிறது. இவை பொருள் நஷ்டத்தோடு முடிந்துவிடுபவை. வண்டிக்குப் பின்னால் நிற்கும் ஒரு மனிதரோ குழந்தையோ நசுங்கினால், அந்த நஷ்டத்தை யாராலும் ஈடுசெய்ய முடியாது. ஆகவே இந்த வண்டியின் இயல்பை அறிந்துகொள்வது ஓட்டுநருக்கு மட்டுமன்றி, ஊரார் அனைவருக்கும் அவசியமாகும்.

நாற்சக்கர டிரெய்லரின் பின் அச்சு வண்டியோடு நிலையாகப் பொருத்தப்பட்டது. முன் அச்சோ ஒரு வட்டமான சுழல் தட்டின் கீழ் அமைந்து, இடமும் வலமும் திரும்பக்கூடியது. அந்த முன் அச்சிலிருந்து ஓர் இரும்புத் தண்டு நீண்டு, டிராக்டரின் பின்புறக் கொக்கியில் ஆணியால் பூட்டப்படுகிறது. பழக்கமான பெயரையே கொண்டு, இத்தண்டை நாம் ஏர்க்கால் என்போம். முன்னோக்கி இழுக்கும்போது ஏர்க்கால் எந்தப் பக்கம் சாய்கிறதோ, அந்தப் பக்கமே முன் சக்கரங்களும் திரும்பி டிராக்டரைப் பின்தொடர்கின்றன.

திரும்பும் முன் அச்சு மிகப் பழைய அமைப்பு. ஐரோப்பாவில் குதிரை வண்டிகள் நெடுங்காலம் இவ்வகையிலேயே செய்யப்பட்டன. அச்சு முழுவதும் திரும்பும்போது வண்டியின் தாங்குநிலை குறைந்து, கவிழும் அபாயம் உண்டாயிற்று. இக்குறையை நீக்க, மூனிச் நகரத்து வண்டிக் கைவினைஞர் லாங்கென்ஸ்பெர்கர் என்பவர், அச்சு அசையாதிருக்கச் சக்கரங்கள் மட்டும் தனித்தனியே திரும்பும் அமைப்பை வகுத்தார். அதற்கு ஆக்கர்மன் என்பவர் 1818ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். இன்றைய மோட்டார் கார்களின் முன் சக்கரங்கள் அந்த வழியைத் தழுவியவையே. சுழல் தட்டு டிரெய்லரோ பழைய முறையிலேயே திரும்புகிறது. ஆகவே பழைய குறையும் அதனோடு சேர்ந்தே இருக்கிறது.

இனி, தொல்லையின் காரணத்தைப் பார்ப்போம். ஒரு கயிற்றை இழுத்தால் அது நேராக வரும், தள்ளினால் மடங்கும். இழுக்கப்படும் வண்டியும் அவ்வாறே தானாக நேராகிறது. தள்ளப்படும் வண்டி மூட்டு உள்ள இடத்தில் மடங்கப் பார்க்கிறது. இருசக்கர டிரெய்லருக்கு மூட்டு ஒன்று. அது டிராக்டரின் கொக்கி. நாற்சக்கர வண்டிக்கு மூட்டு இரண்டு. கொக்கி ஒன்று, சுழல் தட்டு மற்றொன்று. இரண்டையும் ஒருங்கே ஆள வேண்டியிருப்பதே ஓட்டுநரின் சங்கடம்.

ஓர் உதாரணம் கொள்வோம். டிராக்டர் வடக்கு நோக்கி நிற்கிறது. ஓட்டுநரின் இடப்புறமாகிய மேற்கில் நெற்களம் இருக்கிறது. வண்டியின் பின்புறம் களத்தினுள் நுழைய வேண்டும். இருசக்கர டிரெய்லரானால் ஸ்டீயரிங்கை முதலில் வலப்புறம் திருப்ப வேண்டும். கொக்கி கிழக்கே நகரும். டிரெய்லரின் பின்புறம் மேற்கே செல்லும். நாற்சக்கர வண்டியில் இது தலைகீழாகிறது. ஸ்டீயரிங்கை முதலில் இடப்புறம் சிறிது திருப்ப வேண்டும். கொக்கி மேற்கே நகர்கிறது. அதனோடு ஏர்க்காலின் முனையும் மேற்கே சாய்கிறது. முன் சக்கரங்கள் அதற்கேற்பத் திரும்பி, வண்டியின் முன்புறத்தைக் கிழக்கே கொண்டுசெல்கின்றன. பின்புறம் மேற்கே களத்தை நோக்கித் திரும்புகிறது.

இத்துடன் வேலை முடிந்துவிடவில்லை. பலர் தவறுவது இதன் பிறகுதான். ஏர்க்கால் சாயத் தொடங்கிய பின் அப்படியே தள்ளிக்கொண்டு போனால், அது மேலும் மேலும் சாய்ந்து டிராக்டரில் இடிக்கும். ஆகவே, சாய்வு சிறிதாக இருக்கும்போதே ஸ்டீயரிங்கை வலப்புறம் திருப்பி, டிராக்டரின் முகத்தை மேற்கே கொண்டுவந்து, அதனை ஏர்க்காலின் போக்கோடு இணங்கச் செய்ய வேண்டும். பின்னர் மெல்ல இடப்புறம் திருப்பி வண்டியைத் தொடர வேண்டும். வண்டி களத்துக்கு நேராக வரும் தறுவாயில், ஏர்க்காலின் முனையை மறுபக்கம் கொண்டுவந்து அதன் சாய்வைக் குறைக்க வேண்டும். இவ்வளவையும் ஒரே விதியில் அடக்கிச் சொல்லலாம்: ஏர்க்காலின் முனை எந்தப் பக்கம் போக வேண்டுமோ, அந்தப் பக்கம் டிராக்டரின் பின்புறத்தைக் கொண்டுசெல்க. ஆதலால் ஓட்டுநரின் கண் வண்டியின் கடைசியில் மட்டும் பதிந்திருத்தல் தகாது. ஏர்க்காலை அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஏர்க்கால் குட்டையாக இருந்தால் மடங்குதல் விரைவாகும். 2 மீட்டர் நீளமுள்ள ஏர்க்காலின் முனை 30 சென்டிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால் சாய்வு சுமார் 9 டிகிரி. முனை 1 மீட்டர் நகர்ந்தால் 30 டிகிரி. ஏர்க்கால் ஒன்றரை மீட்டரே ஆனால், அதே 30 சென்டிமீட்டர் நகர்வுக்குச் சாய்வு சுமார் 11½ டிகிரியாகிவிடும். ஆகவே ஸ்டீயரிங்கைச் சிறிது சிறிதாகவே திருப்புதல் வேண்டும்.

சாய்வு கைமீறிவிட்டது என்று தோன்றினால், பின்னோக்கித் தள்ளியே அதைச் சரிசெய்ய முயல வேண்டாம். உடனே நிறுத்தி, முன்னோக்கி இழுத்து, டிராக்டர், ஏர்க்கால், வண்டி மூன்றும் ஒரே நேர்கோட்டில் நின்ற பிறகு மீண்டும் தொடங்குக. மூன்று முறை முன்னே இழுப்பதில் வெட்கமேதுமில்லை. பாரம் உயரமாக ஏற்றப்பட்டிருக்கும்போது முன் அச்சு குறுக்காகத் திரும்பிவிட்டால், வண்டியின் முன்புறத் தாங்குதல் குறைகிறது. சரிவான இடத்தில் அவ்வாறு தள்ளினால் வண்டி கவிழக்கூடும்.

டிராக்டரில் இடது பின்சக்கரத்துக்கும் வலது பின்சக்கரத்துக்கும் தனித்தனி பிரேக் மிதிகள் உண்டு. உழவில் சட்டெனத் திரும்ப அவை உதவும். வண்டி பூட்டியிருக்கும்போது இரண்டு மிதிகளையும் தாழிட்டு ஒன்றாகவே மிதிக்க வேண்டும். ஒற்றை மிதியை மட்டும் அழுத்தினால் டிராக்டர் ஒரு பக்கம் சுண்டித் திரும்பி, ஏர்க்கால் நொடியில் மடங்கிவிடும்.

இக்கலையைக் கற்க ஏற்ற இடம் ஊர்ப் பொட்டலோ அறுவடை முடிந்த காய்ந்த வயலோ ஆகும். பாரமில்லாத வண்டியைப் பூட்டி, குறைந்த வேகத்தில், முதலில் நேராகப் பின்னோக்கிச் செலுத்திப் பழகுக. நேராகச் செலுத்துவதே மிகக் கடினம் என்பது அப்போது விளங்கும். பிறகு இரண்டு கழிகளை நட்டு, அவற்றினிடையே வண்டியை நுழைத்துப் பழகுக.

உடன் இருப்பவர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. மணிக்கு 3 கிலோமீட்டர் என்னும் மெதுவான வேகத்திலும், வண்டி ஒரு வினாடியில் 80 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். சுவருக்கும் வண்டிக்கும் இடையே நின்று "வரட்டும், வரட்டும்" என்று கூவுபவர் விலகுவதற்கு அந்த ஒரு வினாடி போதாது. சைகை காட்டுபவர் ஒருவராகவே இருக்க வேண்டும். ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியும்படி பக்கவாட்டில், வண்டி மடங்கினாலும் எட்டாத தூரத்தில் நிற்க வேண்டும். அவர் கண்ணுக்கு மறைந்தால் ஓட்டுநர் உடனே நிறுத்திவிட வேண்டும். டிராக்டர் முற்றிலும் நின்ற பிறகே ஆணியைப் பூட்டவோ கழற்றவோ இடையில் செல்ல வேண்டும். கழற்றுமுன் வண்டிச் சக்கரங்களுக்கு அடியில் கட்டை வைக்க மறக்கலாகாது.

இதில் பஞ்சாயத்துக்கும் பங்கு உண்டு. பின்னோக்கிச் செல்லும் தேவையே ஏற்படாமல் செய்வது எல்லாவற்றிலும் சிறந்த பாதுகாப்பு. பொதுக் களத்துக்கு ஒரு வாயிலுக்குப் பதிலாக நுழைய ஒன்றும் வெளியேற ஒன்றுமாக இரண்டு வாயில்கள் இருந்தால், வண்டி முன்னோக்கியே வந்து முன்னோக்கியே போய்விடும். வண்டிப்பாதை முடியும் இடத்தில் சுற்றித் திரும்பும் அளவுக்குத் திடல் ஒதுக்கலாம். பாதையோரத்துக் கைப்பிடிச் சுவரில்லாத கிணறுகளுக்குச் சுவர் எழுப்பலாம். பாரம் ஏற்றும் இடத்தில் குழந்தைகள் விளையாடாதபடி பார்த்துக்கொள்ளலாம். இவற்றில் பலவற்றுக்குப் பெருஞ்செலவு தேவையில்லை. அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் எடுத்துரைத்து முடிவு செய்யத் தக்கவையே.

ஆரக்காலைப் பிடித்து வண்டியைத் தள்ளிய காலத்தில், பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டே மாட்டை அதட்டினார்கள். வண்டிக்கு இன்று நான்கு சக்கரமும் இரண்டு மூட்டும் வந்துவிட்டன. திரும்பிப் பார்க்கும் அந்தப் பழைய வழக்கம் நம் ஓட்டுநர்களிடம் இன்னும் அதிகமாக வேரூன்ற வேண்டும்.