பெயர் மாறிய நுளம்பும் பழைய தரவுகளும்

கொட்டியாரக் குடாவின் தென்கரையில் மூதூரைச் சுற்றி, மகாவலியின் நன்னீரும் கடலின் உப்பும் கலக்கும் களப்புகள் உண்டு. இப்படிப்பட்ட கரையோர உவர்நீரில் வளரும் அனோபிலிஸ் நுளம்பு ஒன்றை இலங்கை ஆய்வாளர்கள் நெடுங்காலம் ‘சப்பிக்டஸ் பி’ என்றே பதிந்துவந்தார்கள். சப்பிக்டஸ் கூட்டத்தின் நான்கு உறவினங்களையும் பெரும்பாலும் முட்டை மிதவையில் உள்ள வரிமேடுகளை எண்ணிப் பிரித்தறிந்தார்கள். 2010 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் நோபிள் சுரேந்திரன் குழுவினர் டி.என்.ஏ.வை ஆராய்ந்தபோது, ‘பி’யின் தோற்றம் கொண்டவற்றுள் சண்டைக்கஸ் இனத்தோடு சேர்பவையும் இருப்பது தெரியவந்தது. தென்கிழக்காசியக் கரையோரங்களில் மலேரியாவைப் பரப்பிப் பேரெடுத்த இனம் அது.

அப்படியானால் அதற்கு முன் சேர்த்த மாதிரிகளும் பூச்சிகொல்லிச் சோதனை முடிவுகளும் எந்த இனத்துக்கு உரியவை? எந்த மாதிரி எந்த முறையில் அடையாளம் காணப்பட்டது என்பது தேடக்கூடிய வடிவில் இருந்தால்தான் இதற்கு விடை சொல்ல முடியும். ஒன்டோலொஜி என்னும் அறிவு வரைபடம் பயன்படுவது இங்கேதான். அதில் ஒவ்வொரு கருத்துக்கும் மாறாத அடையாள எண் ஒன்று உண்டு. பெயர்களெல்லாம் அந்த எண்ணில் ஒட்டியிருப்பவை. ‘இது இன்னதன் வகை’, ‘இது இன்னதிலிருந்து பெறப்பட்டது’, ‘இன்ன முறையால் அறியப்பட்டது’ என்ற உறவுகளும் கணினிக்குப் புரியும்படி எழுதப்பட்டிருக்கும். இனத்தின் பெயர் நாளை மாறினாலும், முட்டையை மட்டும் பார்த்துப் பெயரிட்ட கிழக்குக் கரை மாதிரிகளை ஒரே கேள்வியில் திரட்டி மறுபடி சோதிக்கலாம். நுளம்புகளின் பூச்சிகொல்லி எதிர்ப்புக்கும் மலேரியாவுக்கும் கிரேக்கத்தின் கிரீட் தீவு ஆய்வாளர்கள் ஏற்கெனவே இத்தகைய ஒன்டோலொஜிகளை உருவாக்கியிருக்கிறார்கள். நாம் புதிதாகத் தொடங்கவேண்டியதில்லை.

இலங்கையில் மலேரியாதான் ஒழிந்துவிட்டதே என்பார்கள். சுதேச மலேரியாவின் கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றும் தந்தது. ஆனால் 1963 இலும் நாடு முழுவதும் 17 நோயாளிகளே இருந்தார்கள். கவனம் தளர்ந்தது, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பல இலட்சம் பேர் நோயில் விழுந்தார்கள். 2016 இன் இறுதியிலோ, மலேரியாவைப் பரப்பவல்ல, நகரக் கிணறுகளிலும் வளரும் ஸ்டெபென்சி நுளம்பு மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டது. நோயில்லாத காலத்தில் ஆய்வுப் பணம் வற்றும், அனுபவசாலிகள் ஓய்வுபெறுவார்கள். எஞ்சுவது மாதிரிகளும் பதிவேடுகளும்தான்.

இன்றைய தேடுபொறிகளும் செயற்கை நுண்ணறிவும் போதுமே என்ற வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. மூதூரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதினாலும் எல்லாம் ஒரே ஊரென்று அவை கண்டுகொள்ளும். ஆனால் எந்த முறையில் இனம் அறியப்பட்டது என்று யாரும் எழுதிவைக்காத மாதிரிக்கு அவற்றால் அதை அறிய முடியாது, ஊகித்தாலோ ஆபத்து. வகைப்பாடு அறிவியலை உறையவைத்துவிடும் என்ற அச்சமும் உண்டு. ஆனால் ஈ, ஈஸ்ட், சுண்டெலி ஆய்வாளர்கள் 1998 இல் தொடங்கிய ஜீன் ஒன்டோலொஜியில் வழக்கொழிந்த சொல்லை அழிப்பதில்லை. ‘கைவிடப்பட்டது’ என்று குறித்து, உரிய புதிய சொல் இருந்தால் அங்கே வழிகாட்டுகிறார்கள்.

எனக்கு உண்மையிலேயே கனமாகத் தோன்றுவது உழைப்பு பற்றிய தடை. சம்பளமும் நேரமும் போதாத ஆய்வுகூடத்தில் ஒவ்வொரு குப்பிக்கும் விபரம் எழுதுவது யார்? 2009 இல் அமெரிக்க அரசின் நிதியில் ஹார்வர்ட் தலைமையில் தொடங்கிய ‘ஈகிள்-ஐ’ திட்டம் இதை நேராக எதிர்கொண்டது. செல் வரிசைகள், எதிர்ப்பொருட்கள், கருவிகள் முதலியவற்றை ஒன்டோலொஜியால் தேடவைத்த அத்திட்டம், ஆய்வுகூடங்களுக்குச் சென்று விபரம் திரட்டவே தனி ஆட்களை அமர்த்தியது. ஜக்சன் மாநிலப் பல்கலைக்கழகம் போன்ற சிறிய நிறுவனங்களும் அதில் பங்காளிகளாக இருந்தன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் கிழக்குப் பல்கலைக்கழகமும் மலேரியாத் தடை இயக்கமும் சேர்ந்து ஒரு தரவுப் பராமரிப்பாளரை அமர்த்த முடியாதா? அவருடைய சம்பளத்தை ஆய்வு விண்ணப்பத்திலேயே, நுளம்பு வலைக்கும் நுணுக்குக்காட்டிக்கும் கேட்கும் தொகையோடு சேர்த்துக் கேட்கவேண்டும்.