நெஞ்சை விடுங்கள், முதுகைப் பாருங்கள்

மேட்டில் வாழ்தல் – 6

சென்ற வாரம் வைத்தியசாலையில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும் நாளோடு நிறுத்தியிருந்தோம். பயிற்சி ஆரம்பமாக வேண்டிய நாள் அதுதான். நம்மிடத்தில் பெரும்பாலும் அது நின்றுபோகும் நாளாகவும் இருக்கிறது.

கண்டியைச் சுற்றி இருப்பவர்களுக்குத் திகனவிலுள்ள புனர்வாழ்வு வைத்தியசாலை தெரிந்திருக்கும். முள்ளந்தண்டில் அடிபட்டவருக்கும் கால் எடுக்கப்பட்டவருக்கும் இத்தகைய இடங்களில் உட்கார, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற, கம்பியைப் பிடித்து நடக்க மறுபடி கற்றுக்கொடுப்பார்கள். ஆனால் அங்கே தரை சமம். படித்த அந்தப் பாடத்தோடு ஒருவர் ஹந்தானைத் தோட்டத்து லயத்துக்குத் திரும்பினால் என்ன ஆகும்? வாசலில் படி, படிக்குக் கீழே கான், கானுக்கு அப்பால் செங்குத்தான பாதை. ஓர் அடி உயரம் ஏற 12 அடி நீளச் சரிவு வேண்டும் என்பது சக்கர நாற்காலிக்கான கணக்கு. நம் மலை அந்தக் கணக்கைக் கேட்டதே இல்லை.

ஆகவே இங்கே உடற்பயிற்சியை உடம்பை மட்டும் பார்த்து வகுக்க முடியாது, பாதையையும் பார்க்க வேண்டும். முதலில் தோளைப் பார்ப்போம்.

தோள்மூட்டு எட்டிப் பிடிப்பதற்கு அமைந்தது, பாரம் தாங்க அல்ல. சக்கர நாற்காலிக்காரருக்கோ அதுவே இடுப்பும் முழங்காலும். தள்ளுவதும் தோளால்தான், ஆட்டோவுக்கு மாறும்போது முழு உடம்பைத் தூக்குவதும் தோளால்தான். நாள் முழுக்க முன்னோக்கித் தள்ளித் தள்ளி நெஞ்சுத் தசை இறுகும், முதுகுத் தசை தளரும், தோள் முன்னே சரியும். சில வருடங்களில் கையைத் தலைக்கு மேலே தூக்க முடியாத வலி வந்துவிடும். இப்படிப்பட்டவர் டவுனில் ஒரு ஜிம்முக்குள் போனால் முதலில் நெஞ்சுக்குப் பாரம் தூக்கச் சொல்கிறார்கள்! ஏற்கெனவே இறுகியதை மேலும் இறுக்கும் வேலை அது. அவருக்குத் தேவை இழுக்கும் பயிற்சி. பழைய சைக்கிள் டியூப்பை நீளவாக்கில் வெட்டி ஜன்னல் கம்பியில் கட்டுங்கள். சக்கரத்துக்குப் பிரேக் போட்டுவிட்டு, இரண்டு முனையையும் பிடித்து, தோள்பட்டை எலும்புகள் முதுகில் நெருங்கும்வரை முழங்கையைப் பின்னே இழுங்கள். 10 தடவை, ஓய்வு, மறுபடி 10. கை பிடிக்காதவருக்கு டியூப்பை மணிக்கட்டில் அகலத் துணியால் சுற்றிவிடலாம். பாரம் வேண்டுமென்றால் ஒரு லீட்டர் தண்ணீர்ப் போத்தல் ஒரு கிலோ.

கழுத்தில் அடிபட்டவர்கள் விடயத்தில் பயிற்சி தருபவர் கூடுதலாகச் சிலவற்றை அறிந்திருக்க வேண்டும். அவர்களில் பலருக்கு எவ்வளவு முயன்றாலும் நாடித்துடிப்பு 130-ஐத் தாண்டுவது அரிது. 220-இல் வயதைக் கழிக்கும் சூத்திரம் அவர்களுக்குப் பொருந்தாது. பேச முடிகிறதா, மூச்சு வாங்குகிறதா என்று கவனிப்பதே நல்ல அளவுகோல். அடிபட்ட இடத்துக்குக் கீழே உடம்பு சரியாக வியர்க்காது என்பதால் ஹந்தானைக் குளிரை நம்பி மதிய வெயிலில் பயிற்சி செய்யக் கூடாது. மார்பு முள்ளந்தண்டின் 6ஆம் கணுவிலோ அதற்கு மேலோ அடிபட்டவருக்குத் திடீரென்று தலை வெடிப்பதுபோல் வலித்து, முகம் சிவந்து, வியர்த்துக் கொட்டினால் களைப்பு என்று நினைத்துவிடாதீர்கள். இரத்த அழுத்தம் எகிறுகிறது. உடனே பயிற்சியை நிறுத்தி நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் காரணம் அங்கேதான் இருக்கும். அடங்காவிட்டால் தாமதிக்காமல் வைத்தியசாலை.

முழங்காலுக்கு மேலே கால் எடுக்கப்பட்டவருக்குப் பாசத்தில் வீட்டார் செய்யும் தவறு ஒன்று உண்டு: மிச்சக் காலுக்குக் கீழே தலையணை வைப்பது. இடுப்பு மடங்கியபடியே இறுகிவிடும், பிறகு செயற்கைக் காலை மாட்டினாலும் நிமிர்ந்து நிற்க வராது. தினமும் கொஞ்ச நேரம் குப்புறப் படுப்பதே மருந்து. செயற்கைக் காலோடு நடக்கச் சாதாரண நடையைவிட ஒன்றரை மடங்குக்கும் அதிகமான சக்தி செலவாகிறது, அதுவும் சமதரையில். ஏற்றத்தில் மூச்சு வாங்கும், இறக்கத்திலோ முழங்கால் மடங்கிவிடுமோ என்ற பயம். அதற்குப் புட்டத் தசையைத்தான் பலப்படுத்த வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டியில்தான் மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனியாக உடலுழைப்பு அளவு சொல்லப்பட்டது: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, இரண்டு நாளாவது தசைப் பயிற்சி. மற்றவர்களுக்குச் சொன்ன அதே அளவு.

நாட்டில் முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. 2012 லண்டனில் 400 மீற்றரில் வெண்கலம் வென்ற பிரதீப் சஞ்ஜய, நமக்குப் பராலிம்பிக்கின் முதல் பதக்கத்தைத் தந்தவர். 2021 ஆகஸ்ட் 30, டோக்கியோவில் 67.79 மீற்றர் ஈட்டி எறிந்து உலக சாதனையோடு முதல் தங்கத்தை வென்றவர் தினேஷ் பிரியந்த ஹேரத். இருவரும் இராணுவத்தினர். அவர்களுடைய உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மைதானமும் பயிற்றுநரும் பயிற்சிக்கு விடுப்பும் சம்பளமும் தரக்கூடிய அமைப்பு ஒன்று அவர்களுக்குப் பின்னால் இருந்தது. கொழுந்து மலையில் வழுக்கி விழுந்து முதுகை முறித்துக்கொண்டவருக்கு அன்றைய சம்பளமே போய்விடுகிறது.

இத்தனைக்கும் மலையடிவாரத்திலேயே பேராதனைப் பல்கலைக்கழகம். அங்கே இணைச் சுகாதார விஞ்ஞான பீடத்தில் இயன்மருத்துவம் கற்பிக்கப்படுகிறது. அந்த மாணவர்கள் ஹந்தானையில் ஏறி இறங்குகிறவர்கள்தான். மாதம் ஒரு சனிக்கிழமை அவர்களில் நாலு பேர் லயத்து வாசல்வரை வந்து, இந்த வீட்டில் டியூப்பை எந்தக் கம்பியில் கட்டலாம், ஆட்டோவை எந்த இடத்தில் நிறுத்தினால் ஏறுவது சுலபம் என்று பார்த்துச் சொன்னால், ஜிம் இல்லாத குறை பாதி தீரும்.

(தொடரும்)