அரக்குக் குச்சியும் யந்திரக் கையும்

ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலத்தைக் கடந்து திருச்சிக்குள் வருகிறவர், கோட்டையையும் கோபுரத்தையும் பார்த்த கண்ணோடு, சந்துகளுக்குள் செயற்கை வைரங்களுக்குப் பட்டை தீட்டும் சிறு பட்டறை ஒன்றிலும் எட்டிப் பார்ப்பாராயின், குச்சி நுனியில் அரக்கால் பதித்த கல்லைச் சுழலும் சாணைமீது அழுத்திப் பிடித்திருக்கும் தொழிலாளியின் சாமர்த்தியம் அவரை வியப்பில் ஆழ்த்தும். கல் தேயும் இடம் கண்ணுக்கு மறைந்திருக்கிறது. ஆயினும் அழுத்தம் மயிரிழை கூடினாலும் விரல் அறிகிறது. நடுவில் ஒரு குச்சி இருப்பதையே அந்தக் கை மறந்துவிட்டது.

ஓரறிவுயிருக்கும் உண்டு என்று தொல்காப்பியர் வைத்த ஸ்பரிசத்தை யந்திரத்துக்குப் புகட்டுவதுதான் விஞ்ஞானிகளுக்கு மிகவும் கடினமாயிருக்கிறது என்பது ஒரு வேடிக்கை.

கல்பாக்கத்தில், அணு உலையில் எரிந்து வெளிவந்த எரிபொருளைக் கையால் தீண்ட முடியாதாகையால், தடித்த சுவருக்கு இப்பால் நின்று, ஈயம் கலந்த கண்ணாடிச் சாளரத்தின் வழியே பார்த்தபடி ஒருவர் பிடியை அசைக்க, அப்பாலுள்ள இடுக்கி அவ்வசைவையே செய்கிறது. இவ்வகைக் கருவியை அமெரிக்காவின் ஆர்கோன் ஆய்வுக்கூடத்தில் 1940-களின் இறுதியில் அமைத்தவர் ரேமண்ட் கோர்ட்ஸ். பிடியையும் இடுக்கியையும் அதில் உலோக இணைப்புகளே பிணைத்திருந்தமையால், பொருளின் எதிர்ப்பு அவற்றின் வழியே கைக்குத் திரும்பியது. இணைப்பை நீக்கி மின்சாரத்தை வைத்ததும் தூரம் கூடிற்று, ஸ்பரிசம் போயிற்று. அதை மீட்க, 1954-இல் கோர்ட்ஸே பிடியிலும் மோட்டார் பொருத்தி, அங்கே எதிர்த்த விசை இங்கே கையைத் தள்ளும்படி செய்தார்.

இந்த வித்தையை, வைத்தியர் பிடியை அசைத்து இயக்கும் அறுவைச் சிகிச்சை யந்திரங்கள் நெடுங்காலம் பயன்படுத்தவில்லை. நூலை எவ்வளவு இழுக்கலாம் என்பதை வைத்தியர் கண்ணாலேயே ஊகிக்க நேர்ந்தது. புகழ்பெற்ற டா வின்சி யந்திரம் விசையைக் கைக்கு உணர்த்தத் தொடங்கியது 2024-இல்தான்.

2002 அக்டோபரில், அமெரிக்க எம்.ஐ.டி.யின் மண்டயம் ஸ்ரீநிவாசன் குழுவினரும் லண்டன் விஞ்ஞானிகளும் ஒரு பரிசோதனை நடத்தினர். கணினி சிருஷ்டித்த ஒரு பெட்டியை அட்லாண்டிக்கின் இரு கரைகளிலிருந்தும் இருவர் சேர்ந்து தூக்க, ஒருவர் தந்த விசை மற்றவர் கையில் உறைத்தது. சென்னை ஐ.ஐ.டி.யிலும் ஸ்பரிசத்தையே ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்ட ஆய்வுக்கூடம் ஒன்று பேராசிரியர் மணிவண்ணனின் தலைமையில் இயங்குகிறது.

இவர்கள் எல்லோருக்கும் பெரிய சத்துரு காலம். சினிமாவில் கண்ணை ஏமாற்ற விநாடிக்கு 24 படங்கள் போதும். கெட்டியான பொருளைத் தொட்டதாகக் கையை நம்பவைக்கவோ ஏறத்தாழ 1000 தடவை விசையைத் திருத்த வேண்டும். கண்ணாடி இழையில் விநாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் ஓடும் ஒளிகூட, 5000 கிலோமீட்டர் போய்வர விநாடியின் இருபதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். அதற்குள் 50 திருத்தங்கள் தவறிவிடும். எதிர்ப்பை அறியாத கை மேலும் அழுத்தும். பிந்தி வந்த விசை அதைப் பின்னே தள்ளும். அது விலகிய செய்தியும் பிந்தியே போய்ச் சேர, யந்திரக் கை நடுங்கத் தொடங்கும். திருச்சிப் பட்டறைக் குச்சிக்கு இந்தத் தொல்லையில்லை. அதன் நீளம் ஒரு சாண்.