உங்களுக்குத் தெரியுமா? கரி மூட்டைக்கும் காட்டு முத்திரை!

அடுப்புக்கரிக்கும் ‘பொறுப்பாகப் பேணிய காட்டு மரம்’ என்ற சான்று உண்டு. ஆப்பிரிக்காவின் நமீபியாவில், மேய்ச்சல் நிலத்தை விழுங்கும் முட்புதர்களை வெட்டிக் கரியாக்கி, இந்தச் சான்றைத் தரும் எஃப்.எஸ்.சி. அமைப்பின் முத்திரையோடு ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்கிறார்கள். ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் சீமைக்கருவேலத்தில் மூட்டம் போடுபவர்கள் கவனிக்க!

• இந்தியாவுக்கென்று தனிச் சான்றுத் திட்டம் 2023 டிசம்பரில் வந்தது. காட்டுக்கு வெளியே, பட்டா நிலத்தில் வளரும் மரமும் இதில் சேரும்.

• மரம் வெட்டிய இடம் மட்டும் சரியாக இருந்தால் போதாது. அறுப்பவர், ஆலைக்காரர், அச்சகத்தார் என்று கைமாறும் இடமெல்லாம் சான்று வேண்டும். நடுவில் ஒருவர் விடுபட்டாலும் முத்திரை போச்சு.

• நோட்டின் பின்னட்டையில் மரமும் ‘டிக்’கும் ஒட்டிய எஃப்.எஸ்.சி. குறி, கூடவே ‘ரீசைக்கிள்டு’ என்றிருந்தால், அது முழுக்க மறுசுழற்சித் தாள்.