நாணயம், எண், பிள்ளை: மன்னார்க் கரையோரத்தை முன்வைத்துச் சில சிந்தனைகள்

சிறு பிள்ளைகளுக்கு நாணயங்களை எண்ணக் கற்பித்தல் ஆரம்பக் கல்வியின் மிகச் சாதாரணமான பகுதிகளுள் ஒன்றாகவே கருதப்பட்டு வந்துள்ளது. அண்மைக் காலத்தில் இப்பணி கைத்தொலைபேசியினதும் கணினியினதும் திரைக்கு இடம்பெயர்ந்து வருகின்றது. திரையில் தோன்றும் நாணயப் படங்களை விரலால் இழுத்து உண்டியலில் இடுதல், கேட்கப்பட்ட தொகை சரியாக அமைந்ததும் மணியோசையைப் பரிசாகப் பெறுதல் என்பன இச்செயற்பாடுகளின் பொதுவடிவமாகும். இவை நல்லனவா தீயனவா என்ற வினா ஆசிரியர்களாலும் பெற்றோராலும் அடிக்கடி எழுப்பப்படுகின்றது. வினாவை அவ்வாறு அமைப்பதனால் பெரும்பயன் விளையாது என்பது எமது கருத்து. நாணயத்தை எண்ணும் பிள்ளை உண்மையில் எதனைக் கற்கின்றது? அதில் எப்பகுதியைத் திரை கற்பிக்கின்றது? எப்பகுதியை மறைக்கின்றது? இவ்வினாக்களை மன்னார்த் தீவினதும் அதனையடுத்த பெருநிலக் கரையினதும் வாழ்நிலையை ஆதாரமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. எண்ணிக்கையும் மதிப்பும்

மூன்று சிப்பிகளை எண்ணும் பிள்ளை ‘மூன்று’ என்கின்றது. 10 ரூபா, 5 ரூபா, 2 ரூபா ஆகிய மூன்று நாணயங்களை அதன்முன் வைத்தாலும் முதலில் ‘மூன்று’ என்றே கூறும். பிள்ளை தவறிழைக்கவில்லை, அது தன்முன் உள்ள பொருள்களை எண்ணியுள்ளது. ஆசிரியர் எதிர்பார்க்கும் விடையோ 17. ஐந்து ஒரு ரூபா நாணயங்களைக் கொடுத்து ஓர் ஐந்து ரூபாவைப் பெறும் பிள்ளை, தன்னிடமிருந்த பலவற்றைப் பறித்துக்கொண்டு ஒன்றை மாத்திரம் தந்துவிட்டனர் எனக் கலங்குவதும் இக்காரணத்தினாலேயே.

எனவே நாணயத்தை எண்ணுதல் என்பது எண்ணுதலின் வெறும் தொடர்ச்சியன்று. ஒருவகையில் அதன் மறுப்புமாகும். கண்ணுக்குத் தெரியும் பொருளின் தொகையை விடுத்து, கண்ணுக்குத் தெரியாத மதிப்பைப் பிள்ளை எண்ண வேண்டியுள்ளது. அம்மதிப்பு உலோகத்தின் இயல்பன்று. மனிதருக்கிடையிலான உறவொன்று உலோகத்தின் மீது ஏற்றப்பட்டதன் விளைவாகும். 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற்பாகத்தில் மார்க்ஸ் பண்டத்தையும் பணத்தையும் பற்றிக் கூறியவற்றின் சாரம் இதுவே.

சிந்தனை வரலாற்றிலும் இவ்விடயம் கவனத்தைப் பெற்றுள்ளது. பண்டைய கிரேக்கத்தில் நாணயப் புழக்கம் பரவியமைக்கும் அருவச் சிந்தனை தோன்றியமைக்கும் தொடர்புண்டு என்று ஜோர்ஜ் தொம்சன் 1955இல் வெளிவந்த தமது நூலில் வாதிட்டார். பேராசிரியர் க. கைலாசபதி பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் இவரது வழிகாட்டலிலேயே கலாநிதிப் பட்டத்திற்கான ஆய்வினை மேற்கொண்டார் என்பதை எமது வாசகர் அறிவர். அல்பிரட் சோன்-றெத்தல் இவ்வாதத்தை மேலும் விரித்து, பரிவர்த்தனைச் செயலிலேயே அருவமாக்கம் பொதிந்துள்ளது என்றார். இவ்வொப்புமையை எல்லை மீறிக் கொண்டுசெல்லல் ஆகாது. பிள்ளை சமூக வரலாற்றை அப்படியே மீள நடத்துவதில்லை. எனினும் ஏழு வயதுப் பிள்ளையிடம் சில மாதங்களில் நாம் எதிர்பார்க்கும் பாய்ச்சல் எத்துணைப் பெரியது என்பதை இது உணர்த்துகின்றது.

2. கரையோரத்தின் கணக்கு

மன்னார்ப் பிரதேசம் நாணயத்திற்குப் புதியதன்று. மாதோட்டம் எனப்பட்ட மாந்தை, இந்து சமுத்திர வணிகத்தின் முக்கிய துறைமுகங்களுள் ஒன்றாக விளங்கியது. 1980 தொடக்கம் 1984 வரை அங்கு நிகழ்ந்த அகழாய்வு நாட்டின் அரசியல் நிலைமையினால் தடைப்பட்டது. அதன் முழு அறிக்கை 2013இலேயே வெளிவந்தது. அத்துறைமுகத்தின் தொலைதூர வணிகத் தொடர்புகளை அவ்வகழாய்வு நன்கு புலப்படுத்தியது.

ஆயின் இக்கரையின் மக்கள் கணக்கைக் கற்றது வணிகரின் பேரேட்டிலிருந்தன்று, உழைப்பின் பங்கீட்டிலிருந்தேயாகும். முத்துச் சலாபத்தை எடுத்துக்கொள்வோம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரிச்சுக்கட்டியில் நடைபெற்ற சலாபங்களில், கரைசேர்ந்த சிப்பிகள் மூன்று கூறாக்கப்பட்டன. ஒரு கூறு மட்டுமே கடலில் மூழ்கியோருக்குரியது. ஏனைய இரு கூறுகளும் அரசின் உடைமையாகி ஆயிரக்கணக்கில் ஏலம் விடப்பட்டன. மூன்றில் ஒன்று என்ற பின்னத்தை அம்மக்கள் எந்தப் பாடநூலிலும் கற்றிருக்க வேண்டியதில்லை.

தமிழரின் மரபுவழிக் கல்வியும் இதற்குச் சான்றாகும். திண்ணைப் பள்ளியின் எண்சுவடி முழு எண்களோடு நின்றுவிடவில்லை. மா என்பது 1/20, காணி 1/80, முந்திரி 1/320 எனப் பின்னங்களையும் சிறுவர் மனனம் செய்தனர். நெல்லிலக்கம் தானிய அளவையையும் பொன்னிலக்கம் பொன்னின் அளவையையும் பற்றியன. எண் இங்கு எப்போதும் ஏதோவொன்றின் எண்ணாகவே இருந்தது. எனினும் இம்மரபை இலட்சியமயப்படுத்துவது தவறாகும். நிலவுடைமைச் சமூகத்தில் இவ்வறிவு வரிக்கும் வாரத்துக்கும் பணிபுரிந்தது. அது கணக்குப்பிள்ளையின் அதிகாரமாகவும் உழுவோனின் அச்சமாகவும் விளங்கியது. எண்ணத் தெரிந்தவனுக்கும் எண்ணப்பட்டவனுக்குமிடையிலான இவ்வேறுபாட்டை நாம் மறத்தலாகாது.

இன்றைய நிலை யாது? பேசாலை, வங்காலை, தலைமன்னார் போன்ற கடற்றொழிற் கிராமங்களில் வளரும் பிள்ளை, நாணயத்தைக் கையிலெடுக்கு முன்னரே கணக்குகளைக் கேட்டு வளர்கின்றது. கரையில் மீன் கூறுகூறாக வைக்கப்படுகின்றது. ஏலத்தில் விலை ஏறுகின்றது. எரிபொருட் செலவு கழிக்கப்பட்டு எஞ்சியது பங்கிடப்படுகின்றது. வள்ளமும் வலையும் உடையவருக்கு ஒரு பங்கு, உழைத்தோருக்கு ஒரு பங்கு என்ற பேச்சு வீட்டில் ஒலிக்கின்றது. சம்மாட்டியிடமோ மீன் முதலாளியிடமோ பெற்ற முற்பணம் பங்கிலிருந்து கழிக்கப்படுவதும் பிள்ளையின் காதில் விழுகின்றது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, நீண்ட காலத்தின் பின் மீண்ட முஸ்லிம் குடும்பங்களும், இறுதிப்போரில் இடம்பெயர்ந்து மீண்ட குடும்பங்களும் தொழிற்கருவிகளை இழந்த நிலையிலேயே வாழ்வை மறுபடி தொடங்கின. அத்தகையோருக்குக் கடன் என்பது கணக்குப் பாடத்தில் வரும் ஒரு சொல்லன்று.

இதனோடு பணமே தன் உருவை மாற்றிக்கொண்டு வருகின்றது. 1872இல் ஒரு ரூபாவை நூறு சதமாகப் பகுத்த தசம முறை இலங்கையில் நடைமுறைக்கு வந்தது. அச்சதங்கள் இன்று அன்றாடக் கொடுக்கல் வாங்கலிலிருந்து மறைந்துவிட்டன. 2017இல் வெளியிடப்பட்ட புதிய நாணயங்கள் துருப்பிடிக்காத உருக்கினால் ஆனமையால், முன்னர் பொன்னிறத்தால் வேறுபட்டு நின்ற 5 ரூபாவும் வெண்ணிறத்தோடு கலந்துவிட்டது. 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தை எட்டியது. அதற்கு முந்திய மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றரொன்று 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. சிறுபடகுகளின் இயந்திரங்களுக்கு மண்ணெண்ணெயே உணவு என்பதால், கரையோர வீடுகளில் இவ்விலக்கம் பல நாள் பேசப்பட்டிருக்கும். 2023இல் தொடங்கிய அஸ்வெசும உதவிப்பணமோ வங்கிக் கணக்கிலேயே வரவு வைக்கப்படுகின்றது. ஒரு ரூபா நாணயத்திற்குத் தனித்து வாங்கத்தக்க பொருள் கடையில் அரிதாகிவிட்ட காலத்தில், பிள்ளை அந்நாணயத்தை எண்ணக் கற்கின்றது.

3. திரை தருவதும் மறைப்பதும்

திரைச் செயற்பாடுகளின் நன்மைகளை மறுப்பது நேர்மையாகாது. முதலாவதாக, மேலே கூறிய பாய்ச்சலின் ஒரு படியைத் திரை நன்கு காட்டவல்லது. 10 ரூபா நாணயத்தைத் தொட்டதும் அது இரண்டு 5 ரூபாவாகவும், பின் ஐந்து 2 ரூபாவாகவும் பிரிந்து மீண்டும் ஒன்றாவதைக் காணும் பிள்ளை, உருவம் மாறினும் மதிப்பு மாறாமையை உணர்கின்றது. வகுப்பறையில் உண்மை நாணயங்களால் இதனைச் செய்வதாயின் ஒவ்வொரு பிள்ளைக்கும் போதிய சில்லறை வேண்டும். இரண்டாவதாக, திரையின் முன் பிழைவிடும் பிள்ளை பிறர்முன் வெட்கமடைவதில்லை. மூன்றாவதாக, ஒரே பயிற்சியை அது தன் விருப்பப்படி மீளச் செய்யலாம்.

எனினும் திரை மறைப்பவற்றையும் நோக்குதல் வேண்டும். திரை நாணயத்திற்குக் கனமில்லை. அது எடுக்க எடுக்கக் குறைவதுமில்லை. கொடுத்தால் தீர்ந்துபோகும் என்பதே பணத்தைப் பற்றிப் பிள்ளை அறியவேண்டிய முதற்செய்தி. திரையில் அதற்கு இடமில்லை. அங்கு விலை எங்கிருந்தோ வந்து நிற்கின்றது; அதனை யாரும் நிர்ணயிப்பதில்லை, யாரும் பேரம் பேசுவதில்லை, யாரும் கடன் சொல்வதில்லை. அப்பொருளை ஆக்கியவரும் இல்லை. மார்க்ஸ் பண்ட மாயை எனக் கண்டதைத் திரை இவ்வாறு பாலர் விளையாட்டாக்கித் தருகின்றது. மேலும், இத்தகைய செயற்பாடுகளிற் பல பிறநாட்டு நாணயங்களை அடிப்படையாகக் கொண்டவை. அமெரிக்காவின் 10 சத நாணயம் அதன் 5 சத நாணயத்திலும் சிறியது. அந்நாட்டுப் பிள்ளைக்கே குழப்பம் தரும் அம்முரணை எமது பிள்ளை எதற்காகச் சுமக்க வேண்டும்?

இவ்விடத்து, பிறேசிலின் ரெசீபே நகரில் தெருவோர வியாபாரத்தில் ஈடுபட்ட சிறுவரிடையே நடத்தப்பட்டு 1985இல் வெளியான ஆய்வு மிகவும் பொருத்தமுடையது. ஐந்து சிறுவரிடம் அவர்களது வியாபாரச் சூழலிலேயே விலையும் மிச்சக்காசும் பற்றிக் கேட்கப்பட்ட வினாக்களில் 98.2 சதவீதத்திற்குச் சரியான விடை கிடைத்தது. அதே கணக்குகள் வெறும் எண்களாகத் தாளில் தரப்பட்டபோது சரியான விடைகள் 36.8 சதவீதமாக வீழ்ந்தன. ஆய்வுக்குட்பட்டோர் மிகச் சிலரே. ஆயினும் அது சுட்டும் உண்மை பெரிது. ‘கணக்கு வராத பிள்ளை’ எனப் பள்ளி முத்திரை குத்தும் பிள்ளை, பள்ளிக்கு வெளியே கணக்கோடு வாழும் பிள்ளையாக இருக்கலாம். சிந்தனை சமூக உறவுகளிலிருந்தே பிள்ளையின் அகத்திற்குச் செல்கின்றது என்ற வைகொட்ஸ்கியின் கருத்தும் இதனை விளக்க உதவும். இவரது ‘சிந்தனையும் மொழியும்’ 1934இல் வெளிவந்தது.

வாய்ப்பின் சமமின்மை பற்றியும் சுருக்கமாகக் கூறவேண்டும். 2020 மார்ச்சில் கொவிட் நோயினால் பாடசாலைகள் மூடப்பட்டுக் கல்வி தொலைபேசிக்கு மாறியபோது, வீட்டிலுள்ள ஒரே கருவியைத் தொழிலுக்குச் செல்லும் தந்தையோடும் உடன்பிறந்தாரோடும் பகிர்ந்த பிள்ளைக்கும், தனிக் கருவியுடைய பிள்ளைக்கும் கிடைத்த கல்வி ஒன்றாக இருந்திருக்க முடியாது. 1945 முதல் நாம் போற்றிவரும் இலவசக் கல்வி, தரவுக்கட்டணத்தின் வாசலில் நின்றுவிடலாகாது.

4. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து நடைமுறை சார்ந்த சில முடிவுகளுக்கு வரலாம். கற்பித்தல் கரையிலிருந்து திரைக்குச் செல்லவேண்டுமேயன்றித் திரையிலேயே தொடங்கலாகாது. முதலிற் சிப்பிகளாலோ கற்களாலோ கூறுவைத்துப் பங்கிடுதல். அடுத்து உண்மை நாணயங்களைத் தொட்டு, எடைபார்த்து, மாற்றிக்கொள்ளுதல். பின்னர் வகுப்பறைச் சந்தையில் விற்றும் வாங்கியும் மிச்சக்காசு கொடுத்தல். அதன்பின் பயிற்சிக்காகவும் மீட்டலுக்காகவும் திரை. திரையில் எமது நாணயங்களும், எமது சந்தையின் அன்றைய விலைகளும், எமது தமிழும் இருத்தல் வேண்டும். நெத்தலிக் கூறொன்றின் விலையைப் பிள்ளை வீட்டிற் கேட்டுவந்து தானே அதில் இடுமாறு அமைத்தால், விலை என்பது மாறுவது, மனிதரால் ஆக்கப்படுவது என்பதை அது எளிதில் அறியும்.

மேல் வகுப்புகளில் பங்குக் கணக்கைத் தயக்கமின்றிக் கற்பிக்கலாம். பிடிபட்ட மீன் இவ்வளவுக்கு விலைபோயிற்று; எண்ணெய்க்கு இவ்வளவு சென்றது; முற்பணத்திற்கு இவ்வளவு கழிந்தது; நால்வருக்கு எஞ்சியது எவ்வளவு? இக்கணக்கைச் செய்து முடிக்கும் பிள்ளை, ‘ஏன் இவ்வளவு?’ என்றும் வினவக்கூடும். அவ்வினாவைக் கண்டு ஆசிரியர் அஞ்ச வேண்டியதில்லை. சலாபக் கரையில் மூன்றில் ஒரு கூறைப் பெற்றுச் சென்றவருக்கும் எண்ணத் தெரிந்திருந்தது. ஆனால் கூறிடும் உரிமை அவரிடம் இருக்கவில்லை. பிள்ளைக்கு எண்ணக் கற்பிக்கும் கல்வி, அவ்வுரிமையைப் பற்றி வினவவும் கற்பிக்குமாயின், அது உலோகத்தில் நிகழ்கின்றதா திரையில் நிகழ்கின்றதா என்பது இரண்டாம் பட்சமாகிவிடும்.