உட்காரும், ஆனால் ஓடாது!

என் வீட்டுக் கணினி 2017இல் வாங்கியது. ஏழாம் தலைமுறை ஐ5. வானொலி வேலை முடிந்து வந்த பிறகு, விளம்பரக் குரல் பதிவுகளை அதில்தான் செய்கிறேன். பாதி வீட்டு வாடகை அதிலிருந்துதான் வருகிறது. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்பதோ எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும். ஒரே வகுப்பில் பெயில்!

பிராசஸரை மட்டும் மாற்றினால் போதுமே என்று நினைத்தேன். என் மதர்போர்டில் இருப்பது 1151 சாக்கெட். எட்டாம் தலைமுறைக்கும் அதே 1151தான். 250 வெள்ளிக்குப் பழையது ஒன்றை வாங்கி வந்து பொருத்தினேன். அழகாக உட்கார்ந்தது. சுவிட்சைப் போட்டேன், விசிறி சுற்றியது, திரையில் மட்டும் ஒன்றுமே வரவில்லை.

எட்டாம் தலைமுறைக்கு 300 வரிசை சிப்செட் உள்ள மதர்போர்டு வேண்டும். சாக்கெட்டின் எண் ஒன்றாக இருந்தாலும் உள்ளே மின்சாரம் போகும் முனைகளின் ஏற்பாடு வேறு. விற்றவர் இதை விளம்பரத்திலேயே எழுதியிருந்தார். போட்டி நிபந்தனைகளை மூச்சு விடாமல் படிக்கும் நான் அந்த ஒரு வரியைப் படிக்கவில்லை. நஷ்டத்தில் வேறொருவருக்கு விற்றேன்.

அந்தச் சனிக்கிழமை புக்கிட் பிந்தாங்கில் உள்ள லோ யாட் பிளாசாவுக்குப் போனேன். பெட்டியில் வண்ண விளக்குப் படம் போட்ட மதர்போர்டைத்தான் முதலில் கையில் எடுத்தேன். கடையில் இருந்த தமிழ்த் தம்பி, "அக்கா, அத வைங்க. வீட்டுல என்ன ரேம் இருக்கு?" என்று கேட்டார்.

மலிவான மதர்போர்டைத் தேடும் யாரும் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இதுதான். என்னிடம் இருந்தவை இரண்டு 8 ஜிபி டிடிஆர்4. ரேம் விலை ஏறிக் கிடக்கும் இந்த நேரத்தில் அதைத் தூக்கிப் போட மனம் வருமா? இன்டெல்லின் 1700 சாக்கெட்டுக்கு டிடிஆர்4 மதர்போர்டும் உண்டு, டிடிஆர்5 மதர்போர்டும் உண்டு. பெயர் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும், கடைசியில் வரும் ‘டி4’ என்ற எழுத்துதான் பல பெட்டிகளில் வித்தியாசம். ஒன்றின் ரேம் மற்றதில் நுழையாது. ஏஎம்டி பக்கம் போனால் ஏஎம்4 சாக்கெட்டுக்கு டிடிஆர்4, புதிய ஏஎம்5க்கு டிடிஆர்5 மட்டுமே.

கடைசியில் எச்610 டிடிஆர்4 மதர்போர்டும் ஐ3-12100 பிராசஸரும் எடுத்தேன். நான்கு கோர், எட்டு திரெட். குரல் பதிவுக்குத் தாராளம். ‘12100எஃப்’ கொஞ்சம் மலிவு. ஆனால் எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை, தனி கார்டு வாங்க வேண்டும். என்னிடம் அது கிடையாது.

எச்610இல் குறைகள் உண்டு. ரேமுக்கு இரண்டே இடம். வைஃபை பெரும்பாலானவற்றில் இருக்காது. பின்பக்க யூஎஸ்பி துளைகளை எண்ணிப் பார்த்தேன்: மைக் இணைப்புப் பெட்டி, கீபோர்டு, மவுஸ், பிரிண்டர் போக ஒன்றிரண்டு மிஞ்ச வேண்டும். எம்.2 எஸ்எஸ்டிக்கு ஓர் இடம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டேன். இரண்டு கிராபிக்ஸ் கார்டு, ஓவர்கிளாக் என்றெல்லாம் ஆசைப்படுபவர்களுக்கு இது சரிப்படாது. எனக்கு அந்த ஆசை இல்லை.

பணம் கட்டுவதற்கு முன் தம்பி பெட்டியைத் திறந்து சாக்கெட்டைக் காட்டினார். இன்டெல் மதர்போர்டில் ஊசிகள் சாக்கெட்டில்தான் இருக்கும். ஒன்று வளைந்திருந்தாலும் உத்தரவாதம் பேச முடியாது, அதனால் கடையிலேயே பார்த்துவிட வேண்டும். கைப்பேசி விளக்கை அடித்துப் பார்த்தேன்; வரிசை ஒழுங்காக இருந்தது. பழைய குளிர்விப்பான் 1700க்குப் பொருந்தாது. பிராசஸர் பெட்டிக்குள்ளேயே ஒன்று இருந்ததால் அந்தச் செலவு இல்லை.

மதர்போர்டு முந்நூறு வெள்ளிக்குள் முடிந்தது. வீட்டுக்கு வந்து பூட்டினேன், திரை வந்தது, ரேம் 16 ஜிபி காட்டியது. அப்பாடா என்று உட்கார்ந்தால், விண்டோஸ் உரிமம் இல்லை என்கிறது! 2017இல் கணினியோடு சேர்ந்து வந்த உரிமம் பழைய மதர்போர்டோடு கட்டிப்போடப்பட்டது, புதியதற்கு வராது. தனியாகக் கடையில் வாங்கியதாக இருந்தால் மாற்றியிருக்கலாம். புதிய உரிமத்தின் விலை அந்த மதர்போர்டைவிட அதிகம்.