திறந்த கல்வி வளம்

கல்விப் பொருளை விலையின்றி வழங்குதல் வேறு. அதனைத் திறந்து வைத்தல் வேறு. இவ்வேறுபாட்டினை ஈண்டு ஒரு சான்று கொண்டு விளக்குவாம்.

அமெரிக்க நாட்டு மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகம், தன் பாடங்களை இணையத்தின்வழி எவர்க்கும் கட்டணமின்றி அளிப்பதாக 2001ஆம் ஆண்டில் அறிவித்தது. 2002இல் முதற்கண் 50 பாடங்கள் வெளிவந்தன. அவ்வாண்டே, யுனெசுகோ பாரிசில் கூட்டிய அவையில் ‘திறந்த கல்வி வளம்’ என்னும் பெயர் தோன்றிற்று. 2007ஆம் ஆண்டளவில் அக்கழகத்தின் பாடங்கள் ஏறத்தாழ 1800 ஆகப் பெருகின.

இப்பாடங்களைப் படித்தலேயன்றி, படியெடுத்தலும் திருத்தலும் மொழிபெயர்த்தலும் உரிமத்தால் இசைவு பெற்றவை. மூலத்தைச் சுட்டுதல், வணிக நோக்கின்மை, திருத்தி ஆக்கியதனையும் அவ்வுரிமத்தின்கீழ் வெளியிடுதல் என்பனவே கட்டுப்பாடுகள். இவ்வுரிமை இல்லையாயின், பிறமொழி மாணாக்கர்க்கு அப்பாடம் கண்ணாடிப் பேழையுள் வைத்த பொருளேயாம். காணலாம், கைக்கொள்ளல் இயலாது.

எனினும், இப்பாடங்களைக் கற்றார்க்கு அக்கழகம் பட்டம் வழங்குவதில்லை. ஐயம் களைய ஆசிரியரும் உடனில்லை. ஆகவே, பாடத்தைப் பொதுவாக்குதல் முதற்படியே. அதனைத் தம் மொழியில் ஆக்கி, ஐயம் களைந்து, தேர்ந்து மதிப்பிடுதல் அந்தந்த நாட்டுப் பல்கலைக்கழகங்களின் கடன் என்க.